வீட்டுக்குள் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் கடைக்காரர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் டி.டி.பி. வேலை பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர் என்று இந்த வட்டாரத்தில் அச்சான எத்தனையோ பக்கங்கள் என் கையால் டைப் ஆனவை. இந்தக் கடிதம் ஒரு கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்றுவதைப் பற்றியது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று தள்ளிவிடாமல் முழுக்கப் படித்து, முடிந்தால் சுருக்காமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலேயே முடிந்தாயிற்று. அதனால் பழைய சிஸ்டத்தை ஓரம்கட்டிவிட்டுப் புது லேப்டாப் வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து வீட்டில் இருக்கிறார்கள். வாங்குவது சுலபம். பழையதில் பத்துப் பதினைந்து வருஷமாகச் சேர்ந்து கிடக்கும் போட்டோ, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், பேங்க் கணக்கு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் புதியதுக்குக் கொண்டுவருவது எப்படி என்று வரும்போதுதான் எல்லாரும் செய்வது ஒன்றே ஒன்று: சி.பி.யு.வைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது. போகாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்) தேவகோட்டையில் இருக்கிறாள். போன வருஷம் அவள் வீட்டில் புது லேப்டாப் வந்தது, பழைய சிஸ்டம் கடைக்குப் போனது. கடையில் ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ இரண்டு ஃபோல்டரையும் எடுத்துப் புதியதில் போட்டார்கள், பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்து, பிள்ளைகள் விளையாட வைத்துக்கொள்ளுங்கள் என்று புது விண்டோஸும் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். காசும் நியாயமாகத்தான் வாங்கினார்கள். ஆனால் ஆச்சி தன் படங்களை ‘பிக்சர்ஸ்’ என்ற இடத்தில் வைத்ததே இல்லை. டி டிரைவில், பெயர்கூட வைக்காத ஒரு ஃபோல்டருக்குள், அவள் மாமனார் வீட்டைப் பங்குதாரர்கள் எல்லாரும் சேர்ந்து பிரித்து விற்றபோது எடுத்த படங்கள் நானூறுக்கு மேல் இருந்தன. முகப்புத் தூண் நாலும், பட்டாலைத் தரையும், வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றி இருந்த மரவேலையும், அடுப்படியில் புகை படிந்த சுவரும்கூட அவள் விடாமல் எடுத்து வைத்திருந்தாள். அந்த வீட்டுத் தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து எந்த ஊருக்குப் போனதோ தெரியாது. வீடு இருந்த இடம் இப்போது காலி மனை. அந்த வீட்டுக்கு மிச்சம் இருந்தது அந்த நானூறு படம்தான், அதுவும் போயிற்று. ஃபார்மட் மட்டும் ஆகியிருந்தால் மீட்டிருக்கலாம், அதன் மேலேயே மறுபடி விண்டோஸை எழுதி, பிள்ளைகள் கேமும் ஏற்றிவிட்டதால் பாதிப் படம் பாதியில் சாம்பல் நிறக் கட்டையாகத் திறக்கிறது, மீதி திறக்கவே இல்லை. ஆச்சி இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சை முடிக்கமாட்டாள்.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. எந்த வீட்டில் எதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வெளியாளுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அரிசி எந்த அறையில், பித்தளைப் பாத்திரம் எந்தப் பரணில், பத்திரம் எந்தப் பெட்டகத்தில் என்று வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதோடு, பெண் பிள்ளைகளின் படமும், பான் கார்டும், பாஸ்வேர்டு எழுதி வைத்த நோட்பேட் ஃபைலும் இருக்கும் டிஸ்க்கை இரண்டு நாள் ஒரு கடை மேஜையில் விட்டுவிட்டு வருவது எனக்குச் சரியாகவே படவில்லை.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பழையது விண்டோஸ் 7 டெஸ்க்டாப், இரண்டாங்கட்டில், அதாவது வளவுக்கு அடுத்த கட்டில், என் வேலை அறையில் இருக்கிறது. புதியது விண்டோஸ் 11 லேப்டாப். மாற்ற வேண்டியது ஏறக்குறைய 180 ஜி.பி. கல்லூரியில் படிக்கும் என் மகள், “கிளவுட்ல போட்டு எடுத்துக்கலாம்மா” என்றாள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. சரி, காசு கட்டி வாங்கினாலும் முதலில் 180 ஜி.பி.யையும் மேலே ஏற்ற வேண்டும், அப்புறம் அதே 180-ஐயும் கீழே இறக்க வேண்டும். 30 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 30 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) இணைப்பில் ஒரு தடங்கலும் இல்லாமல் போனாலும் ஏற்றவே பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போக வேண்டிய சாமானைக் கடல் தாண்டி எங்கோ இருக்கும் கிடங்குக்கு அனுப்பித் திரும்ப வரவழைப்பானேன்?

அடுத்தது பென்டிரைவ். வீட்டில் இருந்தது 16 ஜி.பி., அதை வைத்துப் பன்னிரண்டு நடை நடக்கலாம் என்று பார்த்தால், மூன்றாவது நடையிலேயே கல்யாண வீடியோ ஏற மறுத்துவிட்டது. இடம் இருக்கிறது, ஆனாலும் ‘ஃபைல் பெரிது’ என்கிறது. நிறையப் பேர் இதில் முட்டிக்கொண்டு பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். கெடவில்லை. அந்தப் பென்டிரைவ் ஃபாட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும், அதில் ஒரே ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் இருந்தால் ஏறாது. எக்ஸ்ஃபாட் முறையில் மறுபடி ஃபார்மட் செய்தால் ஏறும், உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். நாலு போட்டோ, இரண்டு பத்திரம் என்றால் பென்டிரைவ் போதும். வெளியே செருகும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அது இன்னும் நல்லது. ஆனால் எதில் போட்டாலும் ‘கட்’ கொடுக்காதீர்கள், ‘காப்பி’ மட்டும் கொடுங்கள். கட் கொடுத்து நடுவில் கரண்ட் போனால் எது இங்கே இருக்கிறது, எது அங்கே போனது என்று தேடியே பொழுது போய்விடும். பென்டிரைவில் மட்டுமே இருக்கிற ஒரு ஃபைல், அந்தப் பென்டிரைவ் திறக்காத அன்றைக்கு இல்லாத ஃபைல்.

வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், எப்போது எடுத்தது என்ற குறிப்பும் போய்விடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

கடைசியில் நான் செய்தது லேன் கேபிள், அதாவது கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஒயர். வீட்டில் நெட் இணைப்புக்கு வைத்திருக்கும் ரவுட்டர் பெட்டியின் பின்னால் பாருங்கள், நாலைந்து ஓட்டை இருக்கும். ஒன்றில் ஒரு கம்ப்யூட்டர், இன்னொன்றில் மற்றது, அவ்வளவுதான், இரண்டும் பேசிக்கொள்ளும். இதற்கு நெட் பேலன்ஸ் வேண்டாம், நெட்டே வேண்டாம், லைன் கட்டாகிக் கிடந்தாலும் பெட்டிக்குக் கரண்ட் இருந்தால் போதும். இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பாதிப்பேர் கடைக்குப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். முதலில் வைஃபையில் முயன்று பார்த்தேன். செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முகப்பில் இருக்கும் வைஃபை வளவைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். சுண்ணாம்பும் செங்கலுமாக எழுப்பிய அந்தச் சுவர் வெயிலை உள்ளே விடாது, சிக்னலையும் விடாது. 5 கிகாஹெர்ட்ஸ் என்று இருப்பது வேகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தாண்டி வரும், வேகம் இருக்காது. எனக்கு வந்தது நொடிக்கு 2 எம்.பி. (மெகாபைட்), அந்தக் கணக்கில் 180 ஜி.பி. போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

அதனால் கேபிளை மீட்டர் கணக்கில் வாங்கி, இரண்டு முனையிலும் கிளிப் அடித்து, முகப்பிலிருந்து வளவு ஓரமாகவே தூணுக்குத் தூண் கட்டி இரண்டாங்கட்டு வரைக்கும் கொண்டுபோனோம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக இருக்கும் வீட்டுக்கும் போதும். புது லேப்டாப்பில் லேன் ஓட்டையே இல்லை, இப்போது மெல்லிசாக வருகிற பலவற்றிலும் இல்லை. யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன லேன் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டோம். என் ரவுட்டர் 100 எம்.பி.பி.எஸ். ஓட்டை உள்ள பழைய பெட்டி, நொடிக்கு 11 எம்.பி. வீதம் போனது. மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தோம், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஆறரைக்கு முடிந்தது. கிகாபிட் பெட்டியாக இருந்தால் இன்னும் பல மடங்கு சீக்கிரம் முடியும், அப்போது பழைய டிஸ்க்கின் வேகம்தான் தடை.

ரவுட்டரே இல்லாத வீட்டில் ஒரு கேபிளை நேராக இதிலிருந்து அதற்குச் செருகலாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் வந்த கம்ப்யூட்டர் என்றால் சாதாரண கேபிளே போதும், ரொம்பப் பழசுக்குத்தான் கிராஸ் கேபிள் (ஒரு முனையில் உள் ஒயர்களை மாற்றிக் கட்டியது) கேட்கும். நேராகச் செருகும்போது ஒன்றுக்கு 192.168.10.1, இன்னொன்றுக்கு 192.168.10.2, இரண்டுக்கும் சப்நெட் 255.255.255.0 என்று நெட்வொர்க் செட்டிங்ஸில் நாமே முகவரி கொடுத்துவிட்டால் தேடாமல் கண்டுபிடித்துக்கொள்ளும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முனை இருக்கும் யு.எஸ்.பி. ஒயரை வாங்கி இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்காதீர்கள். ஃபைல் போகாது. இரண்டு பக்கத்து 5 வோல்ட்டும் ஒன்றோடொன்று மோதி போர்டு போனாலும் போகும்.

சரி, கேபிள் செருகியாயிற்று. பழைய கம்ப்யூட்டரில், கொண்டுபோக வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, அதில் ‘ஷேரிங்’, அதில் ‘ஷேர்’. அங்கே ‘ரீட்’ என்ற அனுமதி மட்டும் கொடுங்கள். அப்போது புதியதிலிருந்து பார்க்கலாம், எடுக்கலாம், அழிக்க முடியாது. கை தவறினாலும் பழையது பத்திரமாக இருக்கும். அப்புறம் புதியதில் உட்கார்ந்து, ஃபோல்டர் திறக்கும் ஜன்னலின் மேல் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடு (\\) போட்டு, பழைய கம்ப்யூட்டரின் பெயரையோ முகவரி எண்ணையோ அடித்து என்டர் தட்டினால் ஷேர் செய்தது கண்ணில் படும். எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

சொல்லும்போது இவ்வளவுதான், ஆனால் நான் இரண்டு இடத்தில் நின்றேன், நீங்களும் நிற்பீர்கள். முதலாவது, புது லேப்டாப் நம் வீட்டு நெட்வொர்க்கையே ‘பப்ளிக்’ என்று, பஸ் ஸ்டாண்டு வைஃபை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தது. அப்படி இருக்கும் வரை பக்கத்தில் யாரையும் பார்க்காது, தன்னையும் காட்டாது. செட்டிங்ஸில் அதை ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும். பழைய விண்டோஸ் 7இலும் ‘ஹோம்’ என்று இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவதில்தான் ஒரு மணி நேரம் போயிற்று. யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. நானும் மகளும் லேப்டாப் திறக்கிற பின் நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தோம். அது கேட்பது அதை அல்ல. யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோமோ அந்த வீட்டுச் சாவியைத்தான் கேட்கிறது, அதாவது பழைய கம்ப்யூட்டரின் யூசர் பெயர், அதன் பாஸ்வேர்டு. என் பழைய சிஸ்டத்துக்குப் பாஸ்வேர்டே கிடையாது, ஆன் செய்தால் நேராகத் திறக்கும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் விடுமா என்றால் விடாது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விடக்கூடாது என்று விண்டோஸிலேயே விதி இருக்கிறது. பழையதில் போய் ஒரு பாஸ்வேர்டு வைத்தேன், அடுத்த நிமிஷம் திறந்துகொண்டது.

விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி வேலை செய்யாது. அது பேசும் பழைய மொழியை, 2017இல் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவிய வழி அதுதான் என்பதால், புது விண்டோஸ்களில் மூடி வைத்துவிட்டார்கள். அதைத் திறந்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. பெட்டிக்குள் போட்டுப் பென்டிரைவ் மாதிரி செருகிக்கொள்ளலாம், எக்ஸ்.பி. காலத்துச் சிஸ்டங்களில் ஐ.டி.இ., சாட்டா என்று டிஸ்க்கில் இரண்டு வகை உண்டு, எது என்று பார்த்து அதற்கேற்ற பெட்டி வாங்குங்கள். சிஸ்டம் ஆன் ஆகவில்லை என்பவர்களுக்கும் இதே வழிதான். சிஸ்டம் செத்துவிட்டது என்றால் டிஸ்க்கும் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, பெரும்பாலும் பவர் சப்ளையோ போர்டோதான் போயிருக்கும். பழைய இரும்புக்குப் போடும் முன் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

காப்பி முடிந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பழைய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பார்த்தால் உள்ளே எத்தனை ஃபைல், எத்தனை பைட் என்று கடைசி இலக்கம் வரை காட்டும். புதியதிலும் அதையே பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு ஃபைல் குறைந்தது. நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கும் கூட்டத்தில் இரண்டு குறைந்தால் என்ன என்று மகள் கேட்டாள். மொய்ப்பண நோட்டில் கூட்டுத்தொகை இரண்டு ரூபாய் இடித்தால் விட்டுவிடுவோமா?

தேடிப் பார்த்ததில் தெரிந்தது, தமிழில் பெயர் வைக்கும் எல்லாருக்கும் பயன்படும். விண்டோஸில் ஒரு ஃபைலின் முழு முகவரி, அதாவது டிரைவ், ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர், ஃபைல் பெயர் எல்லாம் சேர்த்து 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. தமிழில் நாம் ஒரு எழுத்து என்று எண்ணுவதைக் கம்ப்யூட்டர் பல சமயம் இரண்டாக எண்ணுகிறது. ‘கும்பாபிஷேகம்’ நமக்கு ஏழு எழுத்து. அதற்கோ ககரம் தனி, உகரக் குறி தனி, மகரம் தனி, புள்ளி தனி என்று போய்ப் பதின்மூன்று. நான் ஊர், கோயில், வருஷம், மலர், பக்கம் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீளப் பெயர் வைக்கிறவள். புது லேப்டாப்பில் அது போய் உட்கார்ந்த இடத்தின் பெயரும் சேர்ந்து 260ஐத் தாண்டிவிட்டது. நடுவில் திரை கேட்ட கேள்விக்கு என் மகள் அவசரத்தில் ‘ஸ்கிப்’ கொடுத்திருக்கிறாள். மேல் ஃபோல்டர் பெயரைச் சுருக்கிவிட்டு அந்த இரண்டையும் மறுபடி கொண்டுவந்தோம். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிந்தவர்கள் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளையைப் பயன்படுத்தலாம், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது கூடவே வருகிறது, இந்த நீளப் பிரச்சினை அதற்கு இல்லை, நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். படிக்க முடியாத ஃபைலை அது வழக்கப்படி பத்து லட்சம் தடவை, முப்பது நொடிக்கு ஒருமுறை, திரும்பத் திரும்ப முயலும், அதனால் இரண்டு தடவை போதும் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். அதில் ‘மிரர்’ என்று ஒரு வசதி உண்டு, அதைத் தொடவே தொடாதீர்கள், பழையதில் இல்லாதது புதியதில் ஏதாவது இருந்தால் அதை அழித்துவிடும்.

எண்ணிக்கை சரியாக வந்ததும் நாலு ஃபைலைத் திறந்து பார்த்தேன். போட்டோ திறந்தது, வீடியோ ஓடியது. 2003இல் நான் டைப் செய்த ஒரு மணிவிழா மலரைத் திறந்தால், பக்கம் முழுக்க ஆங்கிலச் சின்ன எழுத்தும் அரைப்புள்ளியும் மேற்கோள் குறியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. மகள் பயந்துவிட்டாள், வைரஸ் என்றாள். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ‘ம்’ போட வேண்டுமென்றால் ஆங்கிலக் ‘கே’ அடித்து அரைப்புள்ளி அடிக்க வேண்டும், அத்தனை வருஷம் அடித்த விரல் மறக்குமா, அந்த ஆங்கில எழுத்திலேயே இரண்டு வரியைத் தமிழாக வாசித்துக் காட்டினேன்.

யுனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறை) பரவுவதற்கு முன்னால் நாம் அடித்ததெல்லாம் இப்படித்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் எழுத்துருச் சட்டை. பாமினிக்கு ஒரு சட்டை, வானவில்லுக்கு ஒன்று, ஸ்ரீலிபிக்கு ஒன்று, ஒன்றின் சட்டை இன்னொன்றுக்குச் சேராது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று பொதுவாக இரண்டு எழுத்துக் குறியீட்டு முறை வகுத்தார்கள், 2010இல் தமிழக அரசு யுனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. அதற்கு முன்னும் பின்னுமாகச் சின்ன ஊர் அச்சகங்களிலும், வீடுகளிலும், கோயில் டிரஸ்ட் ஆபீஸ்களிலும் அடித்தவை இன்னும் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன. கம்ப்யூட்டர் மாற்றும்போது ஃபைலைக் கொண்டுவருகிறோம், எழுத்துருவை விட்டுவிட்டு வருகிறோம். கொஞ்ச நாளில் பழைய சிஸ்டம் இரும்புக்கடைக்குப் போகும், அதற்கப்புறம் அந்த ஃபைலைத் திறப்பவர்கள் கெட்டுப்போனது என்று அழித்துவிடுவார்கள். அதற்குள் இருப்பது ஒரு ஊரின் கோயில் வரலாறாகவோ, தாத்தா தன் கையால் எழுதிக் கொடுத்துப் பேரன் டைப் செய்த குடும்ப வழியாகவோ இருக்கும்.

இதற்குச் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. பழைய கம்ப்யூட்டரில் சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போனால் எழுத்துருக்கள் எல்லாம் இருக்கும். தமிழ்ப் பெயராகப் பார்த்து எடுத்து ஒரு ஃபோல்டரில் காப்பி செய்து, புதியதில் ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுங்கள். நான் அதைச் செய்ததும் அந்த மலர் மறுபடி தமிழில் வந்து நின்றது. அப்புறம் நேரம் கிடைக்கும்போது என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யுனிகோடாக மாற்றி இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளலாம், மாற்றியதில் ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். மென்பொருள்கள் மட்டும் ஃபைல் மாதிரி காப்பி செய்தால் வராது, புதிதாக ஏற்றித்தான் ஆக வேண்டும். டேலியில் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர்கள் டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்து, புதியதில் ரீஸ்டோர் கொடுப்பது நல்லது.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார், உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அடுத்தவர்கள் எடைக்குப் போட நினைத்ததை எல்லாம் வாங்கி வீட்டில் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, 1994இலிருந்து அது சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது. நான் டைப் செய்த மணிவிழா மலர் மாதிரி ஒன்று நாற்பதுகளில் அச்சானது என்றால் அதை அங்கே போய்த் தேடலாம். 2003இல் வந்ததை எங்கே தேடுவது? காகிதம் பரணில் கிடந்தால் கரையான் தின்றது போக மிச்சமாவது தேறும். டிஸ்க்கை ‘ஃபார்மட்’ செய்து அதன் மேலேயே எழுதிவிட்டால் மிச்சம் இருக்காது.

ஐயா, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். செல்போன் புதிதாக வந்தால் அரைப்பக்கம் போடுகிறீர்கள், விலை, கேமரா, பேட்டரி எல்லாம் வருகிறது. அதே இடத்தில் மாதம் ஒருமுறையாவது இந்த மாதிரி வீட்டு வேலைகளைப் படத்தோடு, திரையில் என்ன வருமோ அந்த வார்த்தையையே போட்டு, தமிழில் படிப்படியாக வெளியிடுங்கள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், இந்தப் பெரிய வீடுகளில் தனியாக இருப்பது அறுபது எழுபது வயதுக்காரர்கள். அவர்களுக்கு யூடியூப் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது கஷ்டம், பேப்பரில் வந்தால் கத்தரித்து மேஜை மேல் ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்வார்கள். எங்கள் தெருவிலேயே அப்படிச் செய்யக்கூடியவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். தமிழ் எழுத்துருவை எடுத்து வைப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் போட்டால் ரொம்ப நல்லது.

இதைப் படித்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால் ஒன்று மட்டும். ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ பார்ப்பதற்கு முன்னால் டி டிரைவைத் திறங்கள், டெஸ்க்டாப் மேல் சிதறிக் கிடப்பதைப் பாருங்கள், ‘டவுன்லோட்ஸ்’ பாருங்கள், ‘நியூ ஃபோல்டர்’ என்று எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் உள்ளே போய்ப் பாருங்கள்.

எங்கள் பழைய சிஸ்டம் இன்னும் இரண்டாங்கட்டில் அதே மேஜையில்தான் இருக்கிறது. ஃபைல் எல்லாம் வந்து சேர்ந்து, எண்ணிப் பார்த்து, எழுத்துருவும் ஏற்றியாயிற்று. ஆனாலும் அடுத்த பொங்கல் வரைக்கும் அதை யாரும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது, துணி போட்டு மூடி வையுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி